நடுக்கடலில் இரவு 2 மணிக்குக் கயிற்றைப் பிடிப்பது யார்? - கேட்டமரன் வாங்கும் தம்பதிகள் மறந்துவிடும் கேள்வி!

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய கணவன், மனைவி. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்த வீட்டை விற்று, 45 அடி நீளத்தில் ஒரு கேட்டமரன் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார்கள். இனி அதுதான் வீடு. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளின் லாஸ் பல்மாஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, கரீபியன் பகுதியில் உள்ள செயின்ட் லூசியா தீவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏதோ சினிமாக் கதை இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் இந்தப் பாதையில் நூற்றுக்கணக்கான படகுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. 1986-ல் தொடங்கிய இந்தக் கூட்டுப் பயணத்துக்கு ஏ.ஆர்.சி என்று பெயர். தூரம் சுமார் 2,700 கடல் மைல். அதாவது 5,000 கிலோமீட்டர். பெரும்பாலான படகுகளுக்கு மூன்று வாரம் வரை ஆகும். அவற்றில் பல, ஒரு குடும்பம் மட்டுமே ஓட்டும் படகுகள்.

நம் காட்சிக்கு வருவோம். இரவு 2 மணி. கணவர் கீழே அறையில் தூங்குகிறார். மனைவிக்குக் காவல் முறை. காற்று பின்னாலிருந்து சீராக அடிக்கிறது. ஆட்டோபைலட் படகை ஓட்டுகிறது. திடீரென்று பின்வானத்தில் நட்சத்திரங்கள் மறைகின்றன. மழை மேகம். 16 நாட் வேகத்தில் இருந்த காற்று, சில நிமிடங்களில் 30 நாட் ஆகிறது. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 30 நாட் என்றால் மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேல்.)

இப்போது அவர் எந்தக் கயிற்றைத் தொட வேண்டும்? அது இருட்டில் அவர் கைக்கு எட்டுமா? கணவரை எழுப்பாமல் தனியாக அவரால் பெரிய பாயை அடக்க முடியுமா?

படகுக்கு விலை பேசியபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. ஆனால், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கண்ணுக்குத் தெரிவது சமையலறைதான்!

தெற்கு பிரான்ஸில் லா கிராண்ட் மோட் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் இரட்டை உடல், மூன்று உடல் படகுகளுக்கு மட்டுமே ஒரு கண்காட்சி நடக்கும். வீடு வாங்கப் போகிற குடும்பம் எதையெல்லாம் பார்க்குமோ, அதையெல்லாம்தான் இப்படிப்பட்ட கண்காட்சியிலும் பார்க்கிறார்கள். சமையலறை பெரியதா, எத்தனை படுக்கை அறை, குளியலறை தனித்தனியா, ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர், கூரையில் எத்தனை சோலார் பேனல் என்று.

பாயை அடக்கும் கயிறுகள் எங்கே போகின்றன, யார் கைக்கு வருகின்றன என்று தலையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. கரையில் கட்டிவைத்த படகில் பாய் சுருட்டி மூடிக் கிடக்கும். கயிறுகள் அழகாகச் சுற்றித் தொங்கும். எல்லாமே சாதுவாகத் தெரியும். அது கடலில் என்னவாக மாறும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

'ஷீட்' என்றால் துணி இல்லை

புரிந்துகொள்ள நான்கே சொற்கள் போதும்.

பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாய்க்கு 'மெயின்செயில்' என்று பெயர். அதன் கீழ் விளிம்பு, கிடைமட்டமான ஒரு நீளக் கம்பத்தோடு கட்டப்பட்டிருக்கும். அந்தக் கம்பம்தான் 'பூம்'. கதவு கீலில் ஆடுவதைப்போல, பூம் பாய்மரத்தை மையமாக வைத்து இடமும் வலமும் ஆடும். அதை இழுத்துப் பிடிக்கும் கயிறுக்கு 'மெயின்ஷீட்' என்று பெயர். கடல் மொழியில் 'ஷீட்' என்றால் பாய் இல்லை, பாயை இழுக்கும் கயிறு! அந்தக் கயிற்றின் அடிமுனையை இடமும் வலமும் நகர்த்த உதவும் தண்டவாளமும், அதில் ஓடும் சிறு வண்டியும் சேர்ந்ததுதான் 'டிராவலர்'.

மெயின்ஷீட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு வேலை. பூம் எவ்வளவு வெளியே போகலாம் என்று தீர்மானிப்பது முதல் வேலை. பூமைக் கீழ்நோக்கி இழுத்து, பாயின் பின்விளிம்பை விறைப்பாக வைப்பது இரண்டாவது வேலை. கீழிழுப்பு குறைந்தால் பூம் மேலே எழும்பும். பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வழியவிடும். காற்று அதிகமாகும்போது அது நல்லதாகவும் இருக்கலாம், தேவையான நேரத்தில் நடக்காவிட்டால் தொல்லையாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டு வேலைகளையும் எந்த அமைப்பு எப்படிப் பிரித்துச் செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெயர் நம்முடையது, குணம் வேறு

கேட்டமரன் என்ற ஆங்கிலச் சொல், நம் கட்டுமரத்திலிருந்து போனது. சோழமண்டலக் கரையில் மரத்துண்டுகளைக் கட்டி மீன் பிடிக்கப் போனவர்களைப் பற்றி, வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697-ல் வெளியான தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். பெயர் மட்டும்தான் நம்முடையது. இன்றைய இரட்டை உடல் படகின் வடிவத்துக்கு முன்னோடிகள் பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள் கட்டிய படகுகள்.

கட்டுமரத்தில் போகிற மீனவருக்குக் கடலின் ஒவ்வொரு அசைவும் உடம்பில் தெரியும். இன்றைய சொகுசு கேட்டமரனில் நேர்மாறு. அதன் அகலம் காரணமாக, அது கிட்டத்தட்ட சாய்வதே இல்லை. மேஜையில் வைத்த காபி கப் அப்படியே நிற்கும். குடும்பங்கள் அதை விரும்பி வாங்குவதற்கு முதல் காரணமே இதுதான்.

ஆனால், அந்தச் சாயாத குணத்துக்கு ஒரு விலை உண்டு.

ஒற்றை உடல் பாய்மரப் படகில் காற்று கூடினால் படகு சாயும். சாயச் சாய, பாய் தானாகவே காற்றை நழுவவிடும். பாத்திரங்கள் உருளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். 'பாயைக் குறை' என்று படகே கத்திச் சொல்லும். தப்பித்தவறி முழுக்கச் சாய்ந்தாலும், அடியில் இருக்கும் கனமான கீல் அதைத் திரும்ப நிமிர்த்திவிட வாய்ப்பு உண்டு.

கேட்டமரன் அப்படிக் கத்தாது. சாய்ந்து காற்றை நழுவவிடாததால், கூடுகிற விசை முழுவதும் பாய்மரம், கம்பிகள், கயிறுகள், கப்பிகள் மேலேயே ஏறும். உள்ளே காபி கப் அசையாமலே இருக்கும். எல்லை மீறி ஒரு பக்க உடல் நீரைவிட்டு எழும்பிவிட்டால், அதன் பிறகு சாயச் சாய எதிர்ப்புக் குறைந்துகொண்டே போகும். கவிழ்ந்த கேட்டமரன் மிதக்கும். ஆனால், தானாக நிமிராது.

நன்றாகப் பராமரித்து, நிதானமாக ஓட்டும் குடும்பப் படகுகள் கவிழ்வது அரிது. அந்த நிதானத்தின் ஒரு பகுதி, மெயின்ஷீட் அமைப்பு எவ்வளவு எளிதாகக் கைக்கு அடங்குகிறது என்பதில் இருக்கிறது.

காற்று இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு

இங்கே சின்னக் கணக்கு ஒன்று. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது காற்று இரண்டு மடங்கானால், விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

70 சதுர மீட்டர் பாய் என்று வைத்துக்கொள்வோம். 20 நாட் காற்று அதன் மேல் நேராக மோதினால், தோராயமாக 450 கிலோ எடைக்குச் சமமான விசை. அதே பாயை விரித்தபடி 40 நாட் காற்றில் மாட்டிக்கொண்டால், சுமார் 1,800 கிலோ. ஒரு காரின் எடையைவிட அதிகம்! இந்த விசை அத்தனையும் மெயின்ஷீட்டில் வந்து இறங்காது என்றாலும், மனிதக் கை சமாளிக்கும் அளவைத் தாண்டியே இருக்கும்.

அதனால்தான் கயிற்றைப் பல கப்பிகளில் சுற்றி, ஆறுக்கு ஒன்று என்கிற விகிதத்தில் இழுப்பு விசையைக் குறைக்கிறார்கள். கிணற்றுக் கப்பி தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆனால், இதிலும் ஒரு சிக்கல். விசை ஆறில் ஒன்றாகக் குறைந்தால், கயிறு ஆறு மடங்கு நீளம் வேண்டும். பூமை ஒரு மீட்டர் உள்ளே இழுக்க, ஆறு மீட்டர் கயிறு கைக்கு வந்து காலடியில் குவியும். முழுக்க வெளியே இருக்கும் பூமை நடுவுக்குக் கொண்டுவந்தால், காக்பிட்டே கயிறு மயமாகிவிடும்.

மூன்று வழிகள்... மூன்று குணங்கள்

1. அகலமான டிராவலர், ஒரே மெயின்ஷீட்: பல கேட்டமரன்களில் பார்க்கக்கூடிய அமைப்பு இது. படகின் பின்பக்கக் குறுக்கு விட்டத்தின் மேலோ, காக்பிட்டை மூடும் உறுதியான கூரையின் மேலோ ஒரு நீளத் தண்டவாளம். அதில் உருளைகளின் மேல் ஓடும் வண்டி. வண்டியை இரு பக்கமும் இழுக்க ஆளுக்கொரு கயிறு.

இதன் பெரிய பலம், இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவது. மெயின்ஷீட் கீழே இழுக்கும். வண்டி பக்கவாட்டில் நகரும். காற்று திடீரென்று கூடினால் வண்டியை மட்டும் காற்று போகும் பக்கம் விட்டால் போதும். பாயின் வடிவம் கெடாமல் விசை குறைந்துவிடும். ஒற்றை உடல் படகுகளில் பூமைக் கீழே இழுக்க 'வாங்' என்று ஒரு தனிக் கருவி இருக்கும். கேட்டமரனில் தண்டவாளம் அகலமாக இருப்பதால், பல படகுகளில் அது தேவைப்படுவதே இல்லை.

பலவீனம்? விலை அதிகம். எடை அதிகம். தண்டவாளம் நிற்கும் இடத்தைக் கூடுதலாக வலுப்படுத்த வேண்டும். பூம் வேகமாகப் பக்கம் மாறும்போது, வண்டி கட்டப்படாமல் இருந்தால் தண்டவாளத்தின் மறுமுனைக்குப் பாய்ந்து போய் மோதும். முனையில் இருக்கும் தடுப்பு உடைந்தால் வண்டி கையைவிட்டுப் போய்விடும். இடையில் ஒரு விரலோ குழந்தையின் கையோ இருந்தால்... சொல்லவே வேண்டாம். கூரை மேல் தண்டவாளம் இருந்தால் ஆட்களுக்குப் பாதுகாப்பு. ஆனால், அதைச் சோதிக்க யாராவது ஒருவர் ஆடும் கடலில் கூரை மேல் ஏற வேண்டும்.

2. தண்டவாளமே இல்லாத இரட்டை ஷீட்: பூமிலிருந்து படகின் இடது பின்மூலைக்கு ஒரு கயிறு, வலது பின்மூலைக்கு ஒரு கயிறு. இரண்டும் தனித்தனிக் கப்பிகள் வழியாக, தனித்தனி வின்ச்சுகளுக்கு வரும். மாட்டின் மூக்கணாங்கயிற்றை வண்டிக்காரர் இரண்டு கையிலும் பிடிப்பதைப்போல!

பின்காற்றில் ஓடும்போது இதன் அருமை தெரியும். பூம் இடது பக்கம் வெளியே இருக்கிறது என்றால், இடது கயிறு அதைக் கீழே இழுத்து அமுக்கி வைக்கும். தவறுதலாக பூம் வலது பக்கம் பாய முயன்றாலும், இறுக்கமாக இருக்கும் இடது கயிறு அதை வெகுதூரம் போகவிடாது. வலது கயிறோ, பூம் அளவுக்கு மேல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆக, பூம் எப்போதும் இரண்டு பக்கமும் பிடிபட்டே இருக்கும். பாய்ந்து மோதும் வண்டி கிடையாது. ஒரு கயிறு அறுந்தால்கூட, இன்னொன்று மிச்சம் இருக்கும்.

பலவீனம்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு கயிறுகளையும் தொட வேண்டும். ஒன்றை இறுக்கி, மற்றதை விட வேண்டும். பக்கவாட்டு நகர்வையும் கீழிழுப்பையும் முழுக்கப் பிரிக்க முடியாது. கயிறு இரண்டு மடங்கு. வின்ச்சும் இரண்டு. எதிர்க்காற்றில் பாயை நுணுக்கமாகச் சீர்செய்து வேகம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு டிராவலர் அளவுக்குத் திருப்தி தராது. பதற்றத்தில் தவறான கயிற்றை அவிழ்க்கும் அபாயமும் உண்டு. அதனால் இரண்டு கயிறும் இரண்டு நிறத்தில் இருப்பது நல்லது.

3. ஒரே புள்ளி அல்லது 'ஒய்' வடிவக் கயிறு: நடுவில் ஒரே இடத்தில் மெயின்ஷீட்டைக் கட்டுவது, அல்லது இரு பக்கத்திலிருந்தும் வரும் நிலையான கயிறுகள் சேரும் நடுப்புள்ளியில் கட்டுவது. மலிவு. எளிமை. கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை. சிறிய படகுகளுக்குப் போதும். ஆனால், பூம் வெளியே போகப் போக அதைக் கீழே இழுக்கும் சக்தி குறைந்துவிடும். பூம் எழும்பும், பாய் முறுக்கிக்கொள்ளும். தனியாக 'வாங்' வைக்காவிட்டால், பெருங்கடல் போகும் பெரிய கேட்டமரனுக்கு இது பற்றாது.

உயிரை வாங்கும் ஒரு நொடி

'இவ்வளவு யோசிக்க வேண்டுமா?' என்று தோன்றலாம். யோசிக்கத்தான் வேண்டும் என்பதற்குச் சில சம்பவங்கள் சாட்சி.

பின்காற்றில் போகும்போது படகின் திசை கொஞ்சம் பிசகினாலோ, காற்று கொஞ்சம் திரும்பினாலோ, பாயின் மறுபக்கத்தில் காற்று புகுந்துவிடும். பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழு வேகத்தில் வீசப்படும். 'ஜைப்' என்று இதற்குப் பெயர். வேண்டுமென்றே, கட்டுப்பாட்டோடு செய்தால் அது சாதாரணத் திருப்பம். தற்செயலாக நடந்தால் அது ஆயுதம். பூம் மட்டுமல்ல, அதோடு சேர்ந்து வீசும் மெயின்ஷீட் கயிறும் கப்பிகளும்கூட.

2015 செப்டம்பரில், உலகைச் சுற்றும் கிளிப்பர் போட்டியின் ஒரு படகு போர்ச்சுகல் கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. பாயைக் குறைக்கும் வேலை நடந்தபோது, தற்செயல் ஜைப்பில் மெயின்ஷீட் தாக்கி ஒரு பயணக் குழு உறுப்பினர் உயிரிழந்தார். 2016 ஜூனில், நியூசிலாந்திலிருந்து ஃபிஜி நோக்கிப் போன ஒரு பெரிய பாய்மரப் படகில், பூமைத் தடுத்து வைக்கும் அமைப்பு செயலிழந்தது. கட்டுப்பாடின்றி ஆடிய பூமால் ஒருவர் படகிலேயே இறந்தார். இன்னொருவர் கடலில் விழுந்து மறைந்தார். 2022 ஜூனில் வட அட்லாண்டிக்கில், பாயைச் சுருக்கும் முயற்சியின்போது வீசிய மெயின்ஷீட் தாக்கி, ஒரு தம்பதி இருவருமே உயிரிழந்தார்கள்.

இவை மூன்றும் ஒற்றை உடல் படகுகள். ஆனால், பூமுக்கும் கயிறுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஓட்டியவர்கள் யாரும் கடல் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று சம்பவங்களும் சொல்வது ஒன்றைத்தான். கட்டுப்பாட்டை இழந்த பூமின் பாதையிலும் அதன் கயிற்றின் பாதையிலும் மனிதர் நிற்கக் கூடாது. நிற்க வேண்டிய அவசியமே வராதபடி படகை அமைப்பதுதான் முதல் பாதுகாப்பு.

டிராவலரோ, இரட்டைக் கயிறோ... இது கட்டாயம்!

எந்த அமைப்பாக இருந்தாலும், பின்காற்றுப் பயணத்துக்கு 'பிரிவென்டர்' என்ற கூடுதல் கயிறு வேண்டும். பூமின் வெளிமுனையிலிருந்து படகின் முன்பக்கம் போய், அங்கே ஒரு கப்பியைச் சுற்றி, காக்பிட்டுக்குத் திரும்பும் கயிறு இது. பூம் பின்னோக்கி வீசாமல் முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இதில் இரண்டு விதிகள். பிரிவென்டரை பூமின் நடுவில் கட்டக் கூடாது. அலையில் பூம் முனை இடித்தாலோ, பாய் மறுபக்கம் காற்று வாங்கினாலோ, பூமே நடுவில் முறிய வாய்ப்புண்டு. முனையில்தான் கட்ட வேண்டும். இரண்டாவது, அதைக் காக்பிட்டில் இருந்தபடியே அவிழ்க்க முடிய வேண்டும். இருட்டில், அலையில், முன்பக்கம் நடந்துபோய் முடிச்சை அவிழ்க்கும் ஏற்பாடு, இல்லாததைவிட மோசம்.

அகலமான கேட்டமரனுக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. முன்முனை இரண்டும் வெளியே தள்ளி இருப்பதால், பிரிவென்டர் நல்ல கோணத்தில் இழுக்கும்.

மின்சார வின்ச்: வரமா, வம்பா?

'பட்டனை அழுத்தினால் கயிறு தானாக இழுத்துக்கொள்ளும். வயதானாலும் கவலை இல்லை' என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். தோள்வலி இருக்கிற ஒருவரால் 70 சதுர மீட்டர் பாயைத் தனியாக ஏற்ற முடிகிறது என்றால், அதற்கு மின்சார வின்ச்தான் காரணம்.

ஆனால், அதற்கு உணர்ச்சி கிடையாது. கையால் சுற்றும்போது கயிறு எங்கோ சிக்கினால் கனம் தெரியும், நிறுத்திவிடுவோம். மோட்டாருக்குத் தெரியாது. சிக்கிய பாயைக் கிழிக்கும்வரை, கப்பியை உடைக்கும்வரை இழுக்கும். விரல் மாட்டினாலும் அப்படித்தான். எனவே, பட்டனை அழுத்துகிறவர் கண் கயிற்றின் மறுமுனையில் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் அருகில் நின்றால் பாய் தெரியாத படகில், மின்சார வின்ச் இரட்டிப்பு ஆபத்து. பேட்டரி தீர்ந்தால் கைப்பிடி போட்டுச் சுற்ற முடியுமா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

முக்கியமான இன்னொன்று... இழுப்பதற்குத்தான் பட்டன். விடுவதற்கு பட்டனை நம்பும் அமைப்பாக இருந்தால், அது பழுதாகும் நேரத்தில் கயிற்றைக் கையால் விட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபத்து நேரத்தில் தேவைப்படுவது இழுப்பது இல்லை, விடுவது.

விடுவது மட்டும் போதாது!

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதிர்க்காற்றிலோ பக்கக் காற்றிலோ போகும்போது, மெயின்ஷீட்டை விட்டால் பாய் காற்றை விட்டுவிடும். பின்காற்றில் அப்படி இல்லை. கேட்டமரன் பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் பின்னோக்கி நன்றாகச் சரிந்திருக்கும். பூம் அந்தக் கம்பியில் போய் முட்டியதும், அதற்கு மேல் கயிற்றை விட்டும் பயன் இல்லை. பாய் காற்றை முழுதாக வாங்கிக்கொண்டே நிற்கும். கம்பியில் அழுந்திய பாயைக் கீழே இறக்குவதும் கடினம்.

அதனால்தான் படகு கட்டும் நிறுவனங்கள், 'இத்தனை நாட் காற்றுக்கு இத்தனை பாய்' என்று கையேட்டில் ஓர் அட்டவணை தருகின்றன. படகு சாய்ந்து சொல்லாததை, அந்த அட்டவணை எண்ணால் சொல்கிறது. ஒற்றை உடல் படகில் உடம்பால் உணர்ந்து பாயைக் குறைக்கலாம். கேட்டமரனில் எண்ணைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். அதுவும் சராசரிக் காற்றை வைத்து அல்ல, வரக்கூடிய திடீர்க் காற்றை வைத்து. பொழுது சாய்வதற்கு முன்பே ஒரு படி பாயைக் குறைத்துவிட்டுத் தூங்கப் போகிற தம்பதிகள் பலர். இலக்கை எட்டச் சில மணி நேரம் தாமதமாகலாம். மனைவி தனியாக இருக்கும் இரவு 2 மணிக்கு அந்தத் தாமதம்தான் காப்பு.

வாங்கும் முன்... ஏழு சோதனைகள்

* ஸ்டீயரிங்கில் நின்றபடியே மெயின்ஷீட், டிராவலர் கயிறு இரண்டும் கைக்கு எட்டுகின்றனவா?

* பாய் முழுவதும் அங்கிருந்து தெரிகிறதா? கூரையில் கண்ணாடி ஜன்னலாவது இருக்கிறதா?

* பூம் ஆடும் பாதையிலும், கயிறு வீசும் பாதையிலும் உட்காரும் இடமோ, நடக்கும் வழியோ இருக்கிறதா? பின்பக்க இருக்கையில் குழந்தைகள் உட்காருவார்கள் என்பதை மறக்கக் கூடாது.

* டிராவலர் என்றால், வண்டியின் இரு பக்கக் கயிறுகளையும் ஒரே ஆள் இறுக்க முடிகிறதா? தண்டவாள முனைத் தடுப்புகள் உறுதியா?

* இரட்டை ஷீட் என்றால், இரண்டு வின்ச்சுக்கும் இடையே எத்தனை அடி நடக்க வேண்டும்? ஒரே இடத்தில் நின்று இரண்டையும் கையாள முடியுமா?

* பழைய படகு என்றால், கப்பிகளின் ஊசிகள், இணைப்பு வளையங்கள், வண்டியின் உருளைகள் எந்த நிலையில் உள்ளன? வெயிலும் உப்பும் தின்றுவிடும் பாகங்கள் இவைதான்.

* பிரிவென்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறதா? அவிழ்க்கும் முனை காக்பிட்டில் இருக்கிறதா?

இந்த ஏழும் கண்ணால் பார்க்கும் சோதனைகள். எட்டாவது ஒன்று உண்டு. அதுதான் முக்கியம். சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது, எப்போதும் படகு ஓட்டுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இருவரில் வலு குறைந்தவர், அனுபவம் குறைந்தவர், தனியாகப் பாயைக் குறைக்க வேண்டும். தனியாக பூமைப் பக்கம் மாற்ற வேண்டும். விற்பனையாளரும் உதவக் கூடாது.

அவரால் முடிந்தால், அது அந்தக் குடும்பத்துக்கான படகு. முடியாவிட்டால், கப்பியை மாற்றலாம், வின்ச்சை மாற்றலாம், கயிறு வரும் வழியை மாற்றலாம், அமைப்பையே மாற்றலாம். அதுவும் முடியாவிட்டால், வேறு படகு பார்க்கலாம்.

யாருக்கு எது?

பொதுவாகச் சொன்னால், வேகத்தில் ஆசை உள்ளவர்களுக்கு, எதிர்க்காற்றில் அதிகம் போகிறவர்களுக்கு, பாயைச் சீர்செய்வதையே பொழுதுபோக்காக ரசிப்பவர்களுக்கு டிராவலர் ஏற்றது. இருவராக, பெரும்பாலும் பின்காற்றில், நீண்ட தூரம், நிதானமாகப் போகிறவர்களுக்கு இரட்டை ஷீட் நிம்மதி தரும். ஏற்கெனவே நல்ல டிராவலர் உள்ள படகை வாங்கியவர்கள், அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஒரு சரியான பிரிவென்டரும், வண்டியை நடுவில் பூட்டிவிட்டு, மெயின்ஷீட்டை இழுத்து, பிறகு திருப்பும் ஒழுங்கான ஜைப் பழக்கமும் பெரும்பாலான ஆபத்தைத் தீர்த்துவிடும்.

தண்டவாளமா, இரட்டைக் கயிறா என்று துறைமுகங்களில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். பெரும்பாலும் வாதம் செய்வது கணவர்கள். ஆனால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில், அவர் தவறி விழுந்து கையை உடைத்துக்கொள்ளும் நாளில், எல்லாவற்றையும்விட மோசமாக அவரே கடலில் விழுந்துவிடும் நாளில், படகை நிறுத்தித் திருப்பி அவரைத் தேடி வர வேண்டியவர், அந்த வாதத்தில் கலந்துகொள்ளாமல் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்தான்.

எனவே, கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்!